கோட்டுக்குக் கீழே

கடைசிப் படம் திரையில் விழுந்ததும் பேராசிரியர் பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

ஓய்வு பெறும் நாளில் அவர் ஆற்றும் உரை. மருத்துவக் கல்லூரியின் பெரிய அரங்கம். இடம் கிடைக்காத மாணவர்கள் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். தேநீருக்குச் சர்க்கரை போடும்போதும் அந்தக் கை அளந்துதான் போடும் என்பார்கள். காதில் விழுந்தாலும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்காகவே அவர் காலமெல்லாம் உழைத்தார்.

பெரிய குழாய்களை வெட்டி, இடம் மாற்றித் தைக்க வேண்டும். அதோடு, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் நூல் போன்ற குழாய்களையும் பெயர்த்து வைக்க வேண்டும். அவை தாறுமாறாக அமைந்துவிட்ட குழந்தைகளை அந்த நாளில் யாரும் தொட மாட்டார்கள்.

அவர் தொட்டார். ஆட்டு இதயங்களை வாங்கி வந்து தைத்துப் பழகி, பல வருஷம் ஆராய்ந்து, அதற்கொரு வழியை உருவாக்கினார்.

திரையில் இருந்தது அந்த வழியின் கதை. நடுவில் ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழந்தை, அறுவை நடந்த வரிசையில் இடமிருந்து வலமாக. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் பிழைத்தவர்கள். கீழே இருப்பவர்கள் பிழைக்காதவர்கள்.

இடது ஓரத்தில் எல்லாம் கீழேயே கிடந்தன. பிறகு ஒன்றிரண்டு மேலே ஏறின. வலப் பக்கம் வரவரக் கீழே அநேகமாக ஒன்றுமே இல்லை.

முதலில் கட்டுரை அனுப்பியபோது, அந்த இடது ஓரத்தை விட்டுவிடலாமே என்று ஆய்விதழ்க்காரர்கள் சொன்னார்கள். கை பழகிய பிறகு வந்த முடிவுகள் போதுமாம். அவர் கட்டுரையையே திரும்ப வாங்கிக்கொண்டார். ஆய்வில் நேர்மை என்றால் என்ன என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்ல, துறையில் இன்றும் இந்தக் கதைதான்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பேராசிரியர்.

கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். நரைத்த தலை, தோளில் ஒரு துணிப்பை. டாக்டர் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"இதுல என் பொண்ணு எதுங்க?"

முன்னால் இருந்த தலைகளெல்லாம் பின்னால் திரும்பின.

துறைத் தலைவர் பதறி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேராசிரியர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மாவை முன்னால் வரச் சொன்னார்.

படியில் இருந்த பிள்ளைகள் காலை மடக்கி வழி விட்டார்கள். அந்த அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். இத்தனை வருஷம் கழித்து நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாணவன் உயர்த்திய கைபேசியைப் பக்கத்தில் இருந்தவள் பிடித்துத் தாழ்த்தினாள்.

பேராசிரியர் கை கொடுத்து அந்த அம்மாவை மேடையில் ஏற்றினார். முகத்தை உற்றுப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"பாப்பாவுக்கு நகமெல்லாம் நீலமா இருக்கும். ஒரு சின்னக் குழாய் பெரிய குழாயோட சுவருக்குள்ளயே புதைஞ்சு போகுதுன்னு படம் வரைஞ்சு காட்டுனீங்க."

முகம் வராத இடத்தில் இதயம் வந்தது. அந்தக் குழாயின் வளைவு, அது மறைந்த இடம், மறுபடி தலைகாட்டிய இடம், அதைப் பிரித்தெடுக்க முடியாமல் போன அந்தக் காலை நேரம்.

இருவரின் நிழலும் புள்ளிகளின் மேல் விழுந்தது. ஓரமாக ஒதுங்கி நின்று, கோட்டுக்குக் கீழே ஒன்றை அவர் விரலால் தொட்டார்.

"இவதாம்மா. அந்தக் குழாயை எப்படிப் பிரிக்கணும்னு இவளுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அந்த அம்மா அழவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்தப் புள்ளியை ஒரு விரலால் மெல்லத் தடவினார். பிறகு அந்த விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது.

அங்கே இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது.

"இவளுக்கு முன்னாடி போனது யாருங்க?"

பேராசிரியர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

அங்கிருந்து அவருடைய மனைவி எழுந்து மேடைக்கு வந்தார்.

"எங்க பையன்" என்றார்.

அந்த அம்மா சற்று நகர்ந்து, திரைக்கு முன்னால் அவருக்கும் இடம் விட்டார்.