கடைசி உதை

திங்கட்கிழமை காலை எட்டு மணி. ஆஸ்திரேலியாவில், கிளேட்டன் புறநகர் வீட்டுக் குசினியில் ராகவி புட்டுமாக் கையோடு டிவி பார்த்து நிற்கிறாள். அமெரிக்கக் கால்பந்தில் அவளுடைய அணிக்கு இது லீக் சுற்றின் கடைசி ஆட்டம். ஆட்டம் முடிய நொடிகளே இருக்கின்றன; இந்த உதை கம்பங்களுக்கு நடுவே போனால் ஒன்பது வருடத்துக்குப் பிறகு அடுத்த சுற்று, தவறினால் இன்றோடு சரி. வேலைக்குப் புறப்பட்ட கணவன் ஆரூரன் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு வாசலில் நிற்கிறான். “ட்ரெயின் போகப்போகுது, ராகவி.” “போகட்டும். நீங்கள் அந்தச் சப்பாத்தைப் போடேக்கைதான் எங்கட ஆக்கள் ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்தவை. மற்றதைத் தொடாதேங்கோ.” “உதைக்கிறவனுக்கு என்ர கால் தெரியுமோ?” “பேசாம நில்லுங்கோ.” அவன் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். பந்து எழும்புகிறது, வலப்பக்கம் சாய்கிறது, கம்பத்தில் டங்கென்று பட்டு உள்ளே விழுகிறது. திரையில் நடுவர்கள் இரு கைகளையும் உயர்த்துகிறார்கள். ராகவியும் உயர்த்துகிறாள், யன்னல் வெயிலில் மா வெள்ளையாக உதிர்ந்து அவள் தலைமுடியெல்லாம் படிகிறது.