எண்பது மணி நேரம்

"இதுல பேய் இருக்கா, தம்பி?"

அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார் வீஸ்லாவா. இன்னொரு கையில் நோட்டும் பென்சிலும்.

வித்தோல்ட் உஷாரானான்.

க்ராக்கோ நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் வீடியோ கேம் விற்கும் ஒரே கடை அவனுடையது. கட்டடம் எதிரே இருக்கும் மாதா கோவிலுக்குச் சொந்தம். கண்ணாடியில் அவன் ஒட்டியிருந்த கொம்பு வைத்த பேய் போஸ்டரைப் பற்றி ஏப்ரலில் யாரோ பங்குத்தந்தையிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் செப்டம்பரில் கடையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று கடிதம் வந்தது. போஸ்டரைக் கிழித்தான். இருப்பதிலேயே பயங்கரமான அட்டை போட்ட விளையாட்டை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்தான்.

வீஸ்லாவா அந்தக் கோவில் பாடகர் குழுவில் முதல் வரிசை. ஐம்பத்தெட்டு வயதில், மந்திரவாதி விளையாட்டு வாங்க வந்திருக்கிறாராம். நம்புவதற்கு அவன் என்ன குழந்தையா?

"பேய்னு சொல்ல முடியாதும்மா. பனிமூட்டம் மாதிரி ஏதோ வரும், போகும்."

"அட்டையில இருக்கிறது கொம்புதானே?"

"மான்."

"மான் கையில கத்தி எதுக்கு?"

"அது சும்மா அட்டைக்காக வரைஞ்சது. உள்ள பூரா காடு, ஆறு, குதிரை. இஷ்டப்பட்ட பக்கம் போலாம். காளான் பறிக்கலாம். பொம்பளைங்க எல்லாம் கழுத்து வரைக்கும் துணி போட்டிருப்பாங்க."

"அதை நான் கேக்கலையே."

வித்தோல்ட் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். அதான் கேள்வி எழுதிட்டு வந்தேன்" என்று நோட்டைப் புரட்டினார். "எவ்வளவு நேரம் ஓடும்?"

பிள்ளைகளின் நேரத்தைப் பாழாக்குகிறான் என்று புகாரின் அடுத்த வரி அவன் கண் முன்னால் தெரிந்தது.

"பத்து மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"அவ்வளவுதானா?" அவர் முகம் வாடியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இது என்ன புதுத் தூண்டில்? பெட்டியின் பின்பக்கம் எண்பது மணி நேரம் என்று அச்சடித்திருப்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"கதை மட்டும்தான் பத்து. மூலை முடுக்கெல்லாம் சுத்தினா எண்பது வரும்."

வீஸ்லாவா நோட்டில் எண்பதை நாலால் வகுத்தார். இருபது. அடியில் கோடு போட்டார்.

"ஆரம்பிச்சா நடுவுல எழுந்திரிக்க மனசு வருமா?"

"தாராளமா. மணி அடிச்சா எழுந்து பூசைக்கே போலாம்."

"அப்போ எனக்கு வேண்டாம்பா."

வாசல் வரை போய்விட்டார். வித்தோல்டுக்குள் இருந்த வியாபாரிக்குப் பொறுக்கவில்லை.

"நில்லுங்கம்மா. மனசு வராது. அடுப்புல முட்டைக்கோஸ் வச்சதையே மறந்துட்டு விளையாடினேன். பாத்திரம் கருகித் தூக்கிப் போட்டாச்சு."

திரும்பி வந்து அதையும் எழுதிக்கொண்டார். தன் வாயால் வாக்குமூலமே கொடுத்தாயிற்று.

"கடைசிக் கேள்வி. இதுல சாராயக்கடை இருக்கா?"

இருந்தது. ஊருக்கு ஊர் இருந்தது. கதாநாயகன் காயம் ஆறுவதற்கே வோட்காதான் குடிப்பான். இதுவோ ஆகஸ்ட் மாதம். குடியை விடச் சொல்லி ஞாயிறு தவறாமல் பிரசங்கம் நடக்கிற மாதம்.

"ஒண்ணுகூடக் கிடையாது. ஆத்துத் தண்ணிதான் குடிப்பான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முதல் தடவையாகச் சிரித்தார் வீஸ்லாவா. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வித்தோல்டுக்கு மனசு கேட்கவில்லை. "நோட்டை ஃபாதர்கிட்ட எப்போ குடுப்பீங்க?"

"ஃபாதருக்கு எதுக்கு? இது எங்க வீட்டுக்காரருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆகஸ்ட் முழுக்கக் குடிக்க மாட்டேன்னு ஒண்ணாம் தேதி கோவில் புத்தகத்துல கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷத்துல இதான் முதல் தடவை. பதினோரு சாயங்காலம் ஓடிடுச்சு. இன்னும் இருபது இருக்கு. ஆறு மணிக்கு உக்காந்தா பத்து மணி வரைக்கும் கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கார். பையன் நார்வே போறப்ப விளையாடுற மெஷினை வீட்டுலயே விட்டுட்டுப் போனான். அதான் யோசிச்சேன். பேய் இருந்தா இருந்துட்டுப் போகுது, தம்பி. அவர் கண்ணுல கிளாஸ் மட்டும் படக்கூடாது."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வித்தோல்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தான். எதிரே கோவில் வாசலில் பங்குத்தந்தை பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வீஸ்லாவா அவருக்கு வணக்கம் சொல்ல நின்றார்.

 வித்தோல்ட் மேஜைக்கு அடியில் குனிந்து, ஒளித்து வைத்திருந்த விளையாட்டை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினான்.

"அம்மா, அதைத் திருப்பிக் குடுங்க. நான் சொன்னது பொய். அதுல ஊருக்கு ஊர் சாராயக்கடை."

பங்குத்தந்தை குழாயை மூடிவிட்டு, அவன் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். மூன்று தலை, ஆறு கொம்பு, வாயில் எலும்பு.

வித்தோல்ட் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இதை எடுத்துட்டுப் போங்க. நூறு மணி நேரம் ஓடும். தெருவுக்குத் தெரு பேய்தான். ஆனா இதுல வர்றவங்க எல்லாருமே செத்தவங்க. ஒருத்தரும் எதையும் குடிக்க மாட்டாங்க."