பாதத்தில் ஒரு ஸ்குரு

தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், பலகைமேல் நிற்கும் ஒரு சாண் பொம்மையைத் தொடுகிறது. உள்ளே கம்பி, அதன்மேல் பஞ்சு, மேலே தீர்த்தமலையின் நீலச் சட்டையிலிருந்து வெட்டித் தைத்த துணி. மரம் வெட்ட ஆந்திராவுக்குப் போன அவன் பிணமாகத்தான் மலையேறி வந்தான். அவன் கதையைத்தான் தங்கச்சி செந்தாமரை படமாக எடுக்கிறாள். பொம்மையைத் துளி நகர்த்திப் போட்டோ பிடிப்பாள், மறுபடி நகர்த்துவாள். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் நடக்குமாம். "பொம்மை வெளையாடத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தானுங்களா?" என்று கேட்ட அப்பா வெள்ளையன், காலையிலிருந்து பலகையை விட்டு நகரவில்லை.

"எடது தோளு எறங்கியிருக்கணும். வெறகு சொமந்து சொமந்து அப்டி ஆயிட்ச்சி," என்கிறார். அவள் விரலால் அழுத்துகிறாள். சட்டென்று அவனேதான். வெள்ளையன் குனிந்து பலகைக்கு அடியில் பார்க்கிறார். "கீழ இன்னாத்துக்கு ஸ்குரு?"

"பாதத்துல முடுக்கலன்னா வுழுந்துடும்ப்பா. அத்தக் கழட்டினாத்தான் அடுத்த அடி வெக்கலாம்."

"இப்ப எங்க போறான்?"

அவள் கேமராவையே பார்க்கிறாள். "வூட்ட வுட்டுக் கெளம்புறான்."

வெளியே யாரோ புளியமரத்தை உலுக்குகிறார்கள். அட்டையில் செய்த வீட்டு வாசலில், தோள் சரிந்து, அவன் நிற்கிறான். செந்தாமரை அப்பாவின் கையிலிருக்கும் திருப்புளிக்குக் கை நீட்டுகிறாள். வெள்ளையன் கொடுக்கவில்லை. பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஏற்கெனவே இறுகியிருக்கும் ஸ்குருவை இன்னும் ஒரு சுற்று முடுக்குகிறார்.