முதலில் நீலமான இடம்

இந்த வருடம் ஆடைத் திருவிழாவில் புதியவர்கள் எல்லோருக்கும் ஒரே துணிதான். பிறர் கண் பட்ட இடம் நீலமாகிவிடும். தைத்தவர் பார்த்தால் மட்டும் மாறாது. மேடையில் எந்த உடை அதிகம் நீலமாகிறதோ அதற்குப் பரிசு. அதுவரை உடை உறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என் முறைக்குச் சற்று முன்பு உறையைப் பிரித்தேன். வெளிப்பக்கம் வெள்ளை. ஆனாலும் எனக்கு எதிலும் லேசில் நம்பிக்கை வராது. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அக்குள் தையல் முழுக்க நீலம். கையைத் தூக்கினாலும் உடை மேலேறாதபடி, மூன்று வருடம் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கண்டுபிடித்த தையல் அது.

ஒப்பனை அறையில் என்னோடு இருந்தவர் பெரிய கம்பெனி நடத்தும் சுலோசனா மேடம் மட்டும்தான். காலையிலிருந்து எனக்குக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் காபியால்தான் நான் இரண்டு முறை வெளியே போக வேண்டியிருந்தது.

“மேடம், என் டிரெஸ்ஸைப் பாத்தீங்ளா?”

“இல்லியே கண்ணு. மேடையிலதான் பாக்கோணும்னு இருக்கறேன்.”

“இப்பவே பாத்துச் சொல்லுங்க.” வெளிப்பக்கத்தை அவர் முன்னால் விரித்துப் பிடித்தேன்.

கழுத்தைச் சுற்றி இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட சிவப்புப் பூவேலை இருக்கிறது. யாராக இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

“அட, பூவேல அருமையா இருக்குதே!” என்றார்.

பூக்களைச் சுற்றி ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. அக்குளில் மட்டும் பரவிக்கொண்டிருந்தது.