தேதியில் ஒரு தப்பு

"டீச்சர், எனக்க பிறந்த தேதியில மட்டும் ஒரு தப்பு விட்டிருங்க."

ஜெப்சி டீச்சர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். எதிரே ரெஜிஷா நின்றிருந்தாள்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு மாணவர்களின் விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை அந்த வருடம் ஜெப்சியின் தலையில் விழுந்திருந்தது. தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பாடப்பிரிவு, போட்டோ. எதில் பிசகினாலும் பிற்பாடு அந்தப் பிள்ளைதான் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்லியிருந்தாள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, அவர்கள் வாயால் சரி என்று சொன்ன பிறகே அடுத்த பெயருக்குப் போனாள்.

எல்லாரும் தப்பைத் திருத்தச் சொல்லித்தான் வந்தார்கள். ஜெனினின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தது. அஜிஷாவின் பெயருக்கு நேராக வேறொரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். தப்பை வைக்கச் சொல்லி வந்தவள் ரெஜிஷா ஒருத்திதான்.

குளச்சலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பதினொன்றாம் வகுப்பில்தான் இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அப்பா ஏசுஅடிமை கடலுக்குப் போகிறவர், அம்மா ரீத்தா மீன் விற்கிறவள். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத பெண், இன்று நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வருடத்தில் ஒன்றைக் குறைத்துப் போட்டால் போதும், கை தவறி விழுந்தது போல இருக்கட்டும், யாராவது கேட்டால் நானே கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

ஜெப்சி மனதுக்குள் கணக்குப் போட்டாள். உள்ள தேதிப்படி இவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் எவ்வளவோ மாதம் கிடக்கிறது. மாற்றினால், மார்க் லிஸ்ட் கைக்கு வரும்போதே பதினெட்டு தாண்டியிருக்கும். ஒரு பெண்ணுக்கு அவசரமாகப் பதினெட்டு ஆக வேண்டுமென்றால் என்ன காரணம் இருக்க முடியும்?

"ஏட்டி, ஆருக்கு வேண்டி இந்த வயசு?"

ரெஜிஷா தரையைப் பார்த்தாள். "அத மட்டும் கேக்காதுங்க டீச்சர்."

மாற்ற முடியாது என்று சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினாள் ஜெப்சி. ஆனால் மனசு ஆறவில்லை. ஆசிரியர் அறையில் வேதியியல் சார் சுந்தரராஜிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். போன வாரம் அவர் ரெஜிஷாவை இரணியல் ரயில் நிலையத்தில் பார்த்தாராம். யூனிபார்ம் இல்லை. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாலிபன். இருவரும் திருவனந்தபுரம் போகும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அவன் அவள் தோளில் தலை சாய்த்திருந்தான், அவள் அவன் பையை மடியில் வைத்திருந்தாள்.

"அன்னைக்கு அவ வயித்துவலின்னு லீவ் லெட்டர் குடுத்திருக்கா டீச்சர்," என்றார் சுந்தரராஜ்.

ஜெப்சி உடனே ரீத்தாவுக்கு போன் செய்தாள். பின்னால் மீன் ஏலத்தின் சத்தம் கேட்டது. மகள் அன்றைக்கு எங்கே போனாள் தெரியுமா என்று கேட்டதற்கு, தான் சொல்லித்தான் போனாள் என்றாள் ரீத்தா. கூடப் போனது யார் என்று ஜெப்சி கேட்டாள். பிறகு பேசுகிறேன் என்று சொல்லும்போது ரீத்தாவின் குரல் கம்மியது. தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

அப்படியானால் வீட்டுக்கும் தெரிந்தேதான் நடக்கிறது. படிப்பு முடிந்த கையோடு எவனுக்கோ கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு என்னை ஒரு தப்புப் பண்ணச் சொல்கிறார்கள். யோசிக்க யோசிக்க ஜெப்சிக்குக் கோபம்தான் வந்தது. விவரம் ஏற்ற மறுநாள் கடைசி நாள். அதற்குள் தலைமையாசிரியரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தகவல் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மாலையில் பள்ளி விட்டதும் வாட்ச்மேன் வந்து, கேட் பக்கம் ஓர் ஆள் தேடுவதாகச் சொன்னார்.

வெளியே ஓர் ஆட்டோ நின்றது. பின் சீட்டில் ஒரு வாலிபன், கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. சுந்தரராஜ் சொன்ன அதே அடையாளம். ஒரு டீச்சர் நடந்து வருகிறாளே என்று இறங்கி நிற்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. சாய்ந்த வாக்கிலேயே, "ஜெப்சி டீச்சர் நீங்கதானா?" என்றான்.

என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தாள் ஜெப்சி. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"தேதிய மாத்தச் சொல்லி நேர்ல வந்திருக்கியா? அது நடக்காது. நாளைக்கே நான் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுவேன்."

"ரெஜிஷா கேட்டான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிது டீச்சர். மாத்திராதுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

ஜெப்சி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது.

"நான் அவளுக்க அண்ணன், ஷிஜின். துபாயிலருந்து சுகமில்லாம திரும்பி வந்தேன். ஈரல் கெட்டுப்போச்சு, வீட்டுல அவளுக்க ஈரல் மட்டுந்தான் எனக்குச் சேரும், ஆனா பதினெட்டு ஆகாம அதுல துண்டு எடுக்க முடியாதுன்னு திருவனந்தபுரத்துல டாக்டர் சொல்லிட்டாரு," என்றவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அவளுக்கு நெசமாட்டே பதினெட்டு ஆகட்டும் டீச்சர், அதுவரைக்கும் நான் இருந்தா வாங்கிக்கிடுகேன்."