ஆகாத கை

"எங்க நாலு பேருக்கும் சேத்து டிக்கெட்டு போட்டுடு தம்பி. நாங்களும் வரோம்."

மங்கலம்பேட்டையிலிருந்து அக்கா சிவசங்கரி போனில் சொன்னதும் நிலவன், "சரிக்கா" என்றுவிட்டான். பக்கத்தில் நின்ற காவியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமாகி மூன்று வருஷம். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனபோதும் இதே கதைதான். வேனில் பதினாலு பேர். பெண்களெல்லாம் ஒரு ரூமில், ஆண்களெல்லாம் இன்னொரு ரூமில். புருஷனோடு நின்று எடுத்த போட்டோவில்கூட நடுவில் ஒரு மாமா நிற்கிறார்.

இந்த முறை கோலாலம்பூர். நாலே நாள். அவன் செராமிக் கம்பெனியில் சூளைக்கு எதிரே நின்று வெந்தும், அவள் பொம்மைகளுக்குக் கண் எழுதி எழுதித் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டும், கொலு ஆர்டரை முடித்துக் கொடுத்து வாங்கிய லீவு.

"அக்காகிட்ட வேணாம்னு எப்புடிச் சொல்றது?" என்றான் நிலவன்.

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா வூடு ரெண்டாயிடும்."

"வெள்ளிக்கிழமை நாம ரெண்டு பேருதான் போறோம். இல்லன்னா நான் வரல. உங்க அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு நீங்களே போயிட்டு வாங்க."

பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் அமுதவள்ளி, காதில் எதுவும் விழாத மாதிரி தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பாத்ரூமிலிருந்து "ஐயோ!" என்று சத்தம்.

காவியா ஓடினாள். அமுதவள்ளி காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தூக்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தொடாத. நீ புடிச்சாதான் வலி கூடுது. சங்கரிய வரச் சொல்லு."

ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்றுவிட்டாள். கட்டு வைத்தியர்தான் வந்தார். தொடும் இடமெல்லாம் வலிக்கிறது என்று அவள் கத்தவே, இறுக்கி ஒரு கட்டுப் போட்டு, "பத்து நாளைக்குக் கால ஊனாதீங்க" என்றார்.

சிவசங்கரி வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், கடைசியில் காவியாவைப் பார்த்தாள்.

"பசங்க ஆசையா இருக்குதுங்க. அவரும் துபாயிலேருந்து லீவுல வந்திருக்காரு. நாங்க தம்பியோட போயிட்டு வரோம். நீ இருந்து அம்மாவப் பாத்துக்கயேன் காவியா. அடுத்த வருஷம் போனாப் போச்சு."

காவியா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அமுதவள்ளி சீறினாள்.

"மருமவ கை எனக்கு ஆவாது! பெத்த பொண்ணு நீ இருக்கும்போது இவ எதுக்கு? போறவ போவட்டும்."

நலம் விசாரிக்க வந்த எதிர்வீட்டு அம்சவல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காவியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. போன வருஷம் இதே மாமியாருக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, ஒரு மாசம் குளிப்பாட்டி, சேலை மாற்றிக் கட்டி, மலக்கிண்ணம் எடுத்தது எந்தக் கை? அப்போது ஆன கை இப்போது ஆகாமல் போய்விட்டதா?

அன்று சாயங்காலமே குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்கள். "மாமியா படுத்துக் கெடக்குறா. மருமவ பிளேன் ஏறுறாளாம்."

நிலவன் தயங்கினான். "கேன்சல் பண்ணிடலாமா?"

"மாட்டேன். என் கை ஆவாதுன்னு சொன்னவங்க பக்கத்துல உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்? யாரு என்ன பேசுனாலும் சரி, போறோம்."

கிளம்பும் நாள் வரை சிவசங்கரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்தாள். அவள் இல்லாமல் பசங்களும் கிளம்பவில்லை, பெண்டாட்டி இல்லாமல் மாப்பிள்ளையும் கிளம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், திருச்சி ரயிலுக்கு ஆட்டோ வந்தது. காவியா மாமியார் இருந்த பக்கமே திரும்பாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

தெருமுனை திரும்பியதும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க."

"என்ன மறந்துட்ட?" என்றான் நிலவன்.

"அத்தைகிட்ட சொல்லிக்காம வந்துட்டேங்க. அவங்க எப்படியோ இருக்கட்டும், நான் அப்படி இருக்கக் கூடாது. ரெண்டே நிமிஷம்."

சந்து வழியாகப் போனால் பின்வாசல் பக்கம். கதவு திறந்துதான் இருந்தது. சிவசங்கரி வைத்தியரிடம் எண்ணெய் வாங்கப் போயிருந்தாள்.

கட்டிலில் அமுதவள்ளி இல்லை.

சமையல்கட்டில் ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல் கிடந்தது. அதன் மேல், கட்டுப் போட்ட காலின் நுனிவிரலில் எக்கி நின்றபடி, ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள் மாமியார்.

"அத்தை... காலு?"

அமுதவள்ளி திரும்பினாள். கொஞ்சமும் அசராமல், சுவரைக்கூடப் பிடிக்காமல் இறங்கினாள்.

"காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்குது. நீ ஏன் திரும்பி வந்த? ஓடு, சங்கரி வந்துடப் போறா."

"அப்போ... என் கை ஆவாதுன்னு அத்தினி பேரு முன்னாடி..."

மருமகளின் அந்தக் கையையே பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள் அமுதவள்ளி.

"ஆவும்னு சொல்லியிருந்தா, ஒன்னை என் கட்டிலுகிட்ட உக்கார வெச்சிட்டு அவங்கல்ல பிளேன் ஏறியிருப்பாங்க!"