பெல்ட்டின் கடைசி முழம்

குற்றாலம் போகும் சாலையில், பழைய கார்கள் விற்கும் கொட்டகையின் தகரத்தில் சாரல் இரைகிறது. வெள்ளைக் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து மெக்கானிக் குத்தாலிங்கம் சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறான். எவரும் அணியும்போது வெளியே வராத கடைசி முழம் வருகிறது. அதில் படிந்து காய்ந்திருந்த வண்டல் அவன் மடியில் உதிர்கிறது. விற்பவர் வாசலில் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். “வெள்ளத்துல முங்குன வண்டி, அக்கா. வேண்டாம்,” என்கிறான் அடிக்குரலில். வண்டியைப் பார்த்துச் சொல்ல அவனைக் கூட்டிவந்த செண்பகம் பின்கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். உள்ளே, இடம் போதுமா என்று பார்ப்பதற்காக அவள் படுக்கவைத்த கணவர், முழங்காலை மடக்கித் தூங்கியேவிட்டார். டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் திருநெல்வேலி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கை, ஊசித் தழும்புகளோடு சீட்டில் விரிந்து கிடக்கிறது. “முங்குன வண்டி உடனே நின்னுருமா தம்பி?” “உடனே நிக்காது. கொஞ்ச நாளு நல்லா ஓடும். பொறவு என்னைக்கு, எங்கன நிக்கும்னு சொல்ல முடியாது.” செண்பகம் முன்னால் வந்து குனிந்து, பெல்ட்டில் மிச்சமிருக்கும் மண்ணை முந்தானையால் துடைக்கிறாள். “டாக்டரும் இவியளப் பத்தி அதத்தான் சொல்லுதாரு.”